தேவி கேட்ட வரங்கள்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

"இளைஞரும் சுயமுன்னேற்றமும்" என்ற பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். இதே பொருள்பற்றி இம்மேடையிற் பேசியவர்கள் பலர். அதிகாலையில் எழுதல், காலந்தவறாமை, சிக்கனம், நல்லோர் சேர்க்கை என்று அவர்கள் எடுத்துரைத்தவற்றை நான் மறுக்க வரவில்லை. ஆனால் என் உரைக்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் பெரியவர்கள் சிலரைச் சிறிது திடுக்கிடச் செய்யலாம். அது ஒரு தொலைக்காட்சித் தொடர் நாடகம். அமெரிக்காவிலே ஆங்கிலத்தில் தயாரானது. அதன் கதாநாயகி தமிழ்ப் பெண், இந்துப் பெண். பொய் சொல்வாள், தாயை எதிர்த்துப் பேசுவாள், சிநேகிதிகளுக்குச் சமயம் வாய்த்தபோதெல்லாம் துரோகம் செய்வாள். இப்படிப்பட்ட ஒருத்தியை இந்து இளைஞர் மன்றத்துக்குள் ஏன் அழைத்து வந்தாய் என்று கேட்கிறீர்களா? தயவுசெய்து சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நாடகத்தின் பெயர் 'நெவர் ஹேவ் ஐ எவர்'. மேல்நாட்டு இளைஞரிடையே ஒரு விளையாட்டு உண்டு. "நான் ஒருநாளும் இன்னதைச் செய்ததில்லை" என்று ஒருவர் சொல்ல, கூட்டத்தில் அதைச் செய்தவர் எவரோ அவர் அகப்பட்டுக்கொள்வார். அந்த விளையாட்டின் பெயரையே நாடகத்துக்கும் வைத்துவிட்டார்கள். நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2020 ஏப்ரல் 27ஆந் திகதி முதலாம் பாகத்தை வெளியிட்டது. உலகம் முழுவதும் கொரோனாவுக்கு அஞ்சி வீடுகளுக்குள் அடைபட்டிருந்த காலம் அது. 2023 யூன் மாதத்தில் நான்காம் பாகத்தோடு கதை நிறைவுற்றது. பாகத்துக்குப் பத்தாக மொத்தம் 40 அங்கங்கள். பகிடியும் கண்ணீரும் ஒரே காட்சிக்குள் வந்து போகின்ற வகையைச் சேர்ந்தது. சிறு பிள்ளைகளை அருகில் இருத்திக்கொண்டு பார்க்கத்தக்கதன்று என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பேச்சுக்கள் சில இடங்களிற் கரடுமுரடானவை.

இதனை ஆக்கியவர்கள் இருவர். ஒருவர் லாங் ஃபிஷர். மற்றவர் மிண்டி கேலிங். கேலிங் என்பது எந்த நாட்டுப் பெயர் என்று நீங்கள் யோசிக்கக்கூடும். அம்மையாரின் தகப்பனார் தமிழர்; தாயார் வங்காளத்தவர். பெற்றோர் வைத்த பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். மேடையில் அறிவிப்போர் அந்தப் பெயரைச் சொல்லத் திணறினார்கள் என்பதனால், முன்னும் பின்னும் வெட்டிவிட்டு நடுவில் மிஞ்சியதை மட்டும் 'கேலிங்' என்று வைத்துக்கொண்டார். நாடகத்தின் கதாநாயகியாக நடித்தவரோ மைத்ரேயி இராமகிருஷ்ணன். இவருடைய பெற்றோர் நமது இலங்கையிலிருந்து போரின் காரணமாகக் கனடா சென்று குடியேறிய தமிழர்கள். ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள மிசிசாகாவில் 2001ஆம் ஆண்டு பிறந்த இவர், 2019இல் நடிகையைத் தேடிப் பகிரங்க அழைப்பு வெளிவந்தபோது, உள்ளூர் நூல்நிலையத்திலிருந்து தம் நடிப்பைப் படம் பிடித்து அனுப்பினார். விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 15,000 பேர். பாடசாலை நாடகங்களுக்கு அப்பால் அனுபவம் ஏதுமில்லாத இந்தப் பதினேழு வயதுப் பிள்ளையே தெரிவுசெய்யப்பட்டாள். இராமகிருஷ்ணன் என்னும் அந்த நீண்ட பெயரில் ஓர் எழுத்தும் குறையாமல் அது திரையில் வருகிறது. கேலிங் அம்மையார் பிறந்தது 1979இல். இருபத்திரண்டு வருடத்துக்குள் சொக்கலிங்கத்தை வெட்டவேண்டிய தேவை போய், இராமகிருஷ்ணன் முழுதாக நிற்கக் காண்கிறோம். முன்னேற்றம் என்று எதையாவது கணக்கில் எடுப்பதானால் இதையும் எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனிக் கதைக்கு வருவோம். தேவி விஸ்வகுமாருக்குப் பதினைந்து வயது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு பகுதியான ஷேர்மன் ஓக்ஸில் வசிக்கிறாள். தகப்பன் மோகன், தாய் நளினி, தோல் வைத்தியர். இருவரும் 2001 செப்ரெம்பரில் அமெரிக்காவில் வந்திறங்கியவர்கள். மாநிறத்தார் அந்நாட்டில் வந்திறங்க அதைவிடக் கெட்ட மாதம் கிடைத்திராது. அக்கா முறையான கமலா ஆராய்ச்சிப் படிப்புக்காக அவர்களோடு தங்கியிருக்கிறாள். பின்னர் அப்பம்மா நிர்மலாவும் வந்து சேர்கிறாள். (கடைசி அங்கத்தில் இந்த அப்பம்மாவே ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் முடித்துக்கொள்கிறாள். முன்வரிசையில் இருக்கும் அப்பம்மாமார் மன்னிக்க வேண்டும்.) கதையை எடுத்துச் சொல்லும் குரல், முன்கோபத்துக்குப் பெயர்போன டெனிஸ் வீரர் ஜோன் மெக்கென்ரோவினுடையது. இறந்த தகப்பனுக்குப் பிடித்த வீரர் அவர். தேவிக்கும் அதே முன்கோபம்.

ஆம், தகப்பன் இறந்துவிடுகிறார். பாடசாலை வாத்தியக் கச்சேரி. தேவி ஹாப் என்னும் மேல்நாட்டு யாழை வாசித்துக்கொண்டிருக்கிறாள். சபையில் இருந்த மோகன் மாரடைப்பினால் அங்கேயே வீழ்கிறார். அதன்பின் சில நாளில் தேவியின் இரு கால்களும் முடங்கிவிடுகின்றன. வைத்தியர்களால் உடலில் ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று மாதம் சக்கர நாற்காலி. பிறகு ஒருநாள், பாடசாலையில் எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்க்கும் பக்ஸ்ரன் என்ற பையனை எட்டிப் பார்க்கும் ஆசையில் தன்னை மறந்து எழுந்து நின்றுவிடுகிறாள். இது சிரிப்பதற்காக வைத்த காட்சி. நானும் சிரித்தேன்.

முதல் அங்கம் தொடங்குவது இதற்கெல்லாம் பிறகுதான். புதிய தவணையின் முதல் நாள். தேவி வீட்டுச் சுவாமித் தட்டின்முன் கைகூப்பி நின்று வரங் கேட்கிறாள். நன்றாகக் கவனியுங்கள், என்ன கேட்கிறாள்? மதுவும் போதைப்பொருளும் புழங்கும் கொண்டாட்டம் ஒன்றுக்குத் தன்னை யாராவது அழைக்கவேண்டும். எடுப்பதற்காக அல்ல, வேண்டாம் என்று மறுக்கும் பெருமை தனக்கும் ஒருமுறை கிடைக்கவேண்டும் என்பதற்காக. தன் கைகளில் உள்ள உரோமம் குறையவேண்டும். மூன்றாவது, ஓர் அழகான காதலன் வேண்டும்.

சபையில் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். பெரியவர்கள் சிலர் முகஞ் சுளிக்கிறார்கள். ஆனால் நாம் கேட்பவை மட்டும் என்ன? உயர்தரப் பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளையார் கோவில் வாசலில் உடையும் தேங்காய்களைப் பாருங்கள். அனுமதி அட்டையைச் சுவாமியின் பாதத்தில் வைத்து எடுக்காத பிள்ளை நம்மில் எத்தனை பேர்? மூன்று 'ஏ' வேண்டும், வைத்தியத்துறை கிடைக்கவேண்டும், கனடாவுக்கு விசா வரவேண்டும். கோணேசரிடம் நாமும் ஒரு பட்டியலோடுதான் மலையேறுகிறோம். தேவியின் பட்டியல் அற்பமானது, நம்முடையது உயர்ந்தது என்று சொல்லலாம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: "இப்பொழுது இருக்கிற என்னை எடுத்துவிட்டு வேறோர் ஆளைத் தந்தருள்வாய்."

இதைவிட முக்கியமான ஒன்று அந்தப் பிரார்த்தனையிலே இருக்கிறது. அல்லது இல்லாமல் இருக்கிறது. தகப்பன் இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. அந்தப் பிள்ளை சுவாமிக்குமுன் நின்று, போன வருடம் நன்றாக அமையவில்லை என்பதுபோல ஒரு வசனத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறாள். மற்றதெல்லாம் கை உரோமமும் காதலனும். முதன்முறை பார்த்தபோது இதனை நான் வெறும் பகிடி என்றே எடுத்தேன். இரண்டாம் முறை பார்க்கையில் அந்தக் காட்சி என் நெஞ்சை அடைத்தது. கேட்கத் தகாத மூன்றை அவள் கேட்பது, கேட்கவேண்டிய ஒன்றைக் கேட்காமல் இருப்பதற்காக.

நாற்பது அங்கங்களும் இந்தப் பிரார்த்தனையின் விளைவுகளே எனலாம். தேவியின் சுயமுன்னேற்றத் திட்டம் மிகப் பெரியது. தன்னையும் தன் சிநேகிதிகள் இருவரையும் புதிய ஆட்களாக மாற்றி, பாடசாலையிற் பேர் எடுக்கவேண்டும். புத்தகங்கள் போதிக்கிற முயற்சி, விடாமுயற்சி எல்லாம் அவளிடம் உண்டு. அவளைவிட முயற்சியுடைய பிள்ளையை நான் கண்டதில்லை. கேட்டதெல்லாங்கூடக் கிடைக்கின்றது. கொண்டாட்டத்துக்குப் போகிறாள், அங்கே குடித்துவிட்டு, எதிர்ப்பட்ட கொயோட்டி என்னும் ஓநாயைத் தகப்பனின் மறுபிறப்பென்று நம்பி அதோடு பேசப்போய்க் கடிபடுகிறாள். (நம்மூர்க் கோட்டைக்குள் திரியும் மான்களை இறந்த உறவினர் என்று நம்பினாலும் இவ்வளவு மோசம் நேராது.) பக்ஸ்ரன் அவளுடைய காதலன் ஆகிறான், ஆனதும், இவன் என்னைப் போய் ஏன் விரும்புகிறான் என்ற சந்தேகத்தினாலேயே அந்த உறவு குலைகிறது. இரண்டாம் பாகத்தில் அனீசா என்ற இன்னோர் இந்தியப் பெண் பாடசாலைக்கு வருகிறாள்: அழகி, துணிச்சற்காரி. பொறாமையினால் அவளுடைய உணவுநோயைப் பற்றித் தேவி வாய் தவறவிட்ட வதந்தி பாடசாலையெங்கும் பரவுகிறது. தன்னை வெறுப்பவள், தன்னைப் போன்றவளையே முதலிற் காயப்படுத்துவாள் என்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

பக்ஸ்ரனா, பென் என்ற மற்றப் பையனா என்று இளைஞர்கள் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள் என்பதை அறிவேன். அதற்குள் நான் இறங்கவில்லை.

சமயத்தையும் தமிழையும் பற்றிச் சொல்லாமல் விட்டால் இச்சபை என்னை விடாது. முதலாம் பாகத்தின் நான்காம் அங்கத்தில் 'கணேச பூஜை' வருகிறது. பாடசாலை மண்டபம் ஒன்றை எடுத்து அங்குள்ள இந்துக்கள் ஒன்றுகூடுகிறார்கள். குறை சொல்ல நிறைய இடமுண்டு. தமிழ்க் குடும்பம் பிள்ளையார் சதுர்த்தி என்று வாயாற் சொல்வதில்லை. வடநாட்டுச் சினிமா நடனந்தான் மேடையேறுகிறது. மோதகமும் அவலும் எங்கே என்று தேடினேன். 'கண்ணா' என்ற ஒரு விளிச்சொல்லைத் தவிரத் தமிழ் அந்த வீட்டில் ஒலிப்பது அருமை. தமிழகத்திலும் நம் நாட்டிலும் பார்த்தவர்கள் பலர் இதையே முறையிட்டார்கள். முறைப்பாடு நியாயமானது. உலகத்துக்கு நம்மைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தில் எல்லாரையும் ஒரே 'இந்திய' மாவில் பிசைந்துவிட்டார்கள் என்பதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு.

ஆனால் அதே அங்கத்தில் ஹரீஷ் என்று ஓர் இளைஞன் வருகிறான். முன்பெல்லாம் தேவியோடு சேர்ந்து இந்தப் பூசையையும் அங்கு வருவோரையும் கேலி செய்தவன். ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறான். இப்பொழுது அவன் கேலி செய்வதில்லை. அறைத் தோழன் ஓர் அமெரிக்கப் பழங்குடி இளைஞன். தன் இனத்தின் சடங்குகளைப் பற்றி அவனுக்குப் பெருமையே அன்றி வெட்கமில்லை. அதைக் கண்டபின் தன்னுடையதைப் பற்றி மட்டும் தான் ஏன் கூசவேண்டும் என்று ஹரீஷ் கேட்கிறான். தேவிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததனாலேயே மறக்கவும் முடியவில்லை.

மிஷன் பாடசாலையிற் படித்தவர்களுக்கு இது அந்நியமான விஷயமன்று. மிஷனரிமார் இட்ட கல்வியை நான் நன்றியோடு நினைக்கிறேன். இன்று இங்கு நின்று பேசும் வாயைத் திறந்துவிட்டவர்கள் அவர்களே. காலைக் கூட்டத்தில் கிறிஸ்தவ கீதம் பாடிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை பத்திரகாளி அம்மன் கோவிலில் நிற்கின்ற பிள்ளைகள் இந்தத் துறைமுக ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. ஆயினும் காலையிற் பூசிய திருநீற்றைப் படலை தாண்டியதும் கைக்குட்டையால் ஒற்றி எடுக்கும் பிள்ளை இருக்கிறது. எவரும் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. அதேபோல, கோவிலுக்கு வந்தால் தன் கிறிஸ்தவ சிநேகிதியின் பெயரைச் சொல்லாமல் விழுங்கும் பிள்ளையும் இருக்கிறது. அதையும் எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த இடத்துக்கு எந்த முகம் என்று நாம் சின்ன வயதிலேயே தெரிந்துகொள்கிறோம். ஷேர்மன் ஓக்ஸ் தேவி செய்வதும் அதுவே. அதற்குக் கடல் கடந்து போகத் தேவையில்லை. ஒழுங்கை தாண்டினாற் போதும்.

அந்தப் பூசை மண்டபத்தில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெயர்பெற்ற பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் இடம் பிடிக்கப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆலோசகர் ஒருவர் அங்கு வருகிறார். கெட்டித்தனமான இந்தியப் பிள்ளைகள் ஏராளம். அதற்கு மேலே ஒரு தனிக்கதை வேண்டும் என்பது அவர் கொள்கை. பிறகு, தகப்பன் மேடைக்கு முன்னே இறந்ததையும் கால்கள் முடங்கியதையும் அறிந்ததும், கட்டுரைக்கு வாய்த்த அருமையான கதை என்று உற்சாகங் கொள்கிறார். தகப்பனின் சாவு ஒரு தகைமைச் சான்றிதழாகி விடுகிறது! அவள் அன்று அதை எழுத மறுக்கிறாள். மூன்று பாகங்கள் கழித்து, அந்தச் சர்வகலாசாலையின் காத்திருப்போர் பட்டியலில் நிற்கையில், அதே தகப்பனைப் பற்றியே எழுதுகிறாள், இடமும் கிடைக்கிறது. ஆலோசகர் சொன்னதைத்தானே கடைசியிற் செய்தாள் என்று என் சிநேகிதர் ஒருவர் வாதாடினார். இல்லை என்பேன். அன்று அது அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று. சொல்ல முடியாததை விற்கச் சொன்னார்கள். இடையில் அதை அழுது, பேசி, தன்னுடையதாக்கிக்கொண்ட பிறகு எழுதுகிறாள். எழுத்து ஒன்றுதான், எழுதுகிறவள் வேறு.

இடையில் பேசக் கற்றது எவரிடம்? டொக்டர் ரையன் என்ற கறுப்பின அம்மையாரிடம். அவர் உளவளத்துணையாளர். தேவி கிழமைதோறும் அவரிடம் போகிறாள். போய்ப் பக்ஸ்ரனைப் பற்றியும் பாடசாலையைப் பற்றியும் அளக்கிறாள். அவர் மெல்லத் தகப்பனைப் பற்றிக் கேட்டால் உடனே பேச்சை மாற்றுகிறாள். அவரும் விடுவதில்லை.

இங்கே நாடகத்தைச் சற்று நிறுத்திவிட்டு நம் ஊரைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள்.

நான் பிறந்தது போர் ஓய்ந்திருந்த சிறு இடைவெளியில். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் ஏறி வந்து நமது கரையோரத்தை வாரிக்கொண்டு போனது. 2006இல் போர் மறுபடி மூண்டது; 2009 மே மாதத்தில் முடிந்தது. என் வயதுப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். முன் விறாந்தையில் மாலையிட்ட படம் ஒன்று இருக்கும். அதன் கீழே சின்ன மின்விளக்கு எரியும். அந்தப் படத்திலுள்ளவரைப் பற்றி வீட்டில் யாராவது பேசுகிறார்களா? திவசத்தன்று படைக்கிறோம், விளக்கேற்றுகிறோம். அதோடு சரி. "அதையெல்லாம் இப்ப ஏன் கிளறுறாய்? நீ படி" என்பார்கள். நளினியும் சரியாக அதைத்தான் சொல்கிறாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. துக்கத்துக்குப் படிப்பு மருந்தென்று நம் சனங்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த மருந்தினால் எழுந்து நின்றவர்களும் இந்தச் சபையில் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லாருடைய கால்களும் எழுந்து நிற்பதில்லை. தேவியின் கால் முடங்கியதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மனத்தில் விழுந்த அடி உடலில் முடக்கமாக, நோவாக, மயக்கமாக வருவது வைத்திய நூல்கள் ஒத்துக்கொண்ட நோய். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போர்க்காலத்தில் நம்மவரிடையே பணியாற்றி, 'மனவடு' என்றே ஒரு நூலுக்குப் பெயரிட்டார். தமிழர்கள் மனம் நோகிறது என்று சொல்லி வைத்தியரிடம் வருவது குறைவு. தலையிடி, நெஞ்சுநோ, கைகால் உளைவு என்றே வருவார்கள். பரிசோதனையில் ஒன்றும் இராது. ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பிய அந்தத் துண்டோடு திரும்பும் ஆச்சிமார் எத்தனை பேர்!

உளவளத்துணையாளரிடம் போ என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? "என்ன, எனக்கு விசரா?" என்று கேட்பார்கள். கேட்பதிலும் நியாயமுண்டு. அந்தச் செய்தி ஒழுங்கையில் பரவினால் பிள்ளையின் பெயர் கெடும். பெயர் கெட்டால் சம்பந்தம் வராது. தங்கைக்கும் வராது. நான் மிகைப்படுத்திப் பேசுவதாகப் பெரியவர்கள் நினைத்தால், கலியாணம் பேசுகையில் தாங்கள் விசாரிப்பவை என்னென்ன என்று ஒருமுறை தங்களையே கேட்டுப் பார்க்கட்டும். நமது மன்றத்தையும் நான் விட்டுவிடப் போவதில்லை. நமது ஆண்டு மலரில் ஆண்டுதோறும் யாருடைய படங்கள் அச்சாகின்றன? சித்தியெய்தியவர்கள், பட்டம் பெற்றவர்கள், பரிசு வாங்கியவர்கள். நல்லது, அவர்களை வாழ்த்துகிறேன். மூன்றாந் தரமும் பரீட்சையிற் தவறிய பிள்ளை, போன வருடத்திலிருந்து வீட்டைவிட்டு வெளியில் வராத பிள்ளை, இந்த மண்டபத்துக்கு எதற்காக வரும்? இங்கே பேசுவதற்கு அந்தப் பிள்ளையிடம் என்ன உண்டு என்று நாம் நினைக்கிறோம்? வெற்றியைக் கொண்டு வந்தால் மேடை, இல்லையென்றால் வீடு என்று ஒரு விதியை நாம் எழுதாமலே எழுதி வைத்திருக்கிறோம். தேவி விஸ்வகுமாரை நான் இங்கே அழைத்து வந்தது இதன்பொருட்டுத்தான். அவள் நல்ல பிள்ளை அல்ல. அவளை ஒரு முன்மாதிரி என்று காட்ட முடியாது. நாற்பது அங்கங்களுக்கும் கதாநாயகியாக இருப்பதற்கு அவள் முன்மாதிரியாக இருக்கத் தேவைப்படவில்லை.

தாயையும் மகளையும் பற்றிச் சொல்லி என் உரையை முடிக்க எண்ணுகிறேன். நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, காதலில் அல்ல. தகப்பன் உயிரோடிருந்தபோது பெற்றோர் தர்க்கித்ததைத் தேவி ஒளிந்திருந்து கேட்டிருக்கிறாள். அவளுடைய துடுக்குத்தனத்தைப் பொறுக்கமாட்டாமல், இவள் என் மகளே அல்ல என்று நளினி சொன்னது காதில் விழுந்துவிட்டது. பின்னர் தகப்பன் இறந்துபோனார். தன் பக்கம் பேச இருந்த ஒரே ஆள் போய்விட்டார் என்ற நினைப்போடுதான் அந்தப் பிள்ளை அந்த வீட்டில் வளர்கிறது. முதலாம் பாகத்தின் முடிவில் சண்டை முற்றி, அப்பாவுக்குப் பதிலாக நீ செத்திருக்கலாம் என்று தாயைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். சொன்னதும் இருவருமே திகைத்து நிற்கிறார்கள். பிறகு மோகனின் பிறந்த நாளன்று, மலிபு கடற்கரையில் அஸ்தி கரைக்கப் போகிறார்கள். கடைசி நேரத்தில் தேவி ஓடி வந்து சேர்கிறாள். நம் கடலிலும் அஸ்தி கரைக்கிறோம். கடல் வேறு, செயல் ஒன்று. அங்கே தாய் வாய்திறந்து, தான் அவளை நேசிப்பதைச் சொல்கிறாள். நம்மில் எத்தனை தாய்மார் இதை வாயினாற் சொல்லியிருப்பார்கள்? சோற்றினாற் சொல்வோம், காய்ச்சலுக்குப் பத்துப் போட்டுச் சொல்வோம், வாயினாற் சொல்வது நமக்குக் கூச்சம்.

மூன்றாம் பாகத்தில் ரியா என்று ஒரு மாது வருகிறாள். இந்தியத் தாய், படித்தவள், நாகரிகமானவள், யோகமும் தியானமும் பேசுபவள். கணவனை இழந்தபின் நளினிக்கு வாய்த்த ஒரே சிநேகிதி. அவளுடைய மகன் டெஸ் தேவியோடு பழகுகிறான். பொருத்தமான பையன், படித்த குடும்பம். நம்முடைய கணக்கில் பத்துப் பொருத்தமும் உண்டு. ஒருநாள் டெஸ் மேடையில் வாத்தியம் வாசிக்கிறான். தேவி கேட்கப் போகிறாள். இசை தொடங்குகிறது. தகப்பன் வீழ்ந்த அந்தப் பழைய கச்சேரி அவளுக்குள் மறுபடி நடக்கத் தொடங்குகிறது. மூச்சு முட்டுகிறது, கைகால் நடுங்குகின்றன, எழுந்து வெளியே ஓடுகிறாள். நளினி பின்னாலேயே ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை கூடவே இருக்கிறாள்.

ரியா இதைப் பார்த்துவிடுகிறாள். பார்த்தவள் மகனிடம் சொல்வது, இந்தப் பெண்ணுக்கு மனக்கோளாறு அதிகம், நமக்கு வேண்டாம், விட்டுவிடு என்பது. டெஸ் அப்படியே செய்கிறான். அதைத் தாயே சொன்னாள் என்பதையும் தேவியிடம் ஒத்துக்கொள்கிறான்.

நளினிக்கு இது தெரியவருகிறது. இவ்விடத்தில் அவள் என்ன செய்வாள் என்று பயந்துகொண்டே பார்த்தேன். ஊர் வாய்க்கு அஞ்சுகிறவள்; பிள்ளையின் பெயர் கெடக்கூடாதென்று முப்பது அங்கங்களாகப் படாதபாடு படுகிறவள்; தனிமையில் வாடிப் பெற்ற சிநேகிதியும் அது ஒன்றே. ஆனால் அவள் மகளிடம், நீ ஏன் எல்லாருக்கும் முன்னால் அப்படி நடந்துகொண்டாய் என்று கேட்கவில்லை. நேரே ரியாவிடம் போகிறாள். என் மகள் துக்கப்படுகிறவள், அது குற்றமல்ல என்ற கருத்துப்படப் பேசி, அந்தச் சிநேகத்தை அந்த இடத்திலேயே முறித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறாள்.